கழற்றின சைலன்சரைத் திருப்பிப் பூட்டுங்கோ

என்ர தம்பி ஏ.எல். முடிச்ச கையோட ஒரு பழைய பல்சர் வாங்கினான். இரண்டு கிழமை போகவில்லை, அதோட வந்த சைலன்சரைக் கழற்றி வீட்டுக் கோடிக்குள்ள போட்டுவிட்டு, கராஜில் சொல்லி வேற ஒன்று பூட்டிக்கொண்டு வந்தான். அன்று பின்னேரம் அவன் ஒழுங்கைக்குள் திரும்பியபோது, குசினியில் அரிசி புடைச்சுக்கொண்டிருந்த அம்மம்மா சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றா. சத்தம் நின்ற பிறகுதான், "ஆர், தம்பியோ?" என்று கேட்டா.

ஷெல் கூவுற சத்தத்தை வைத்தே அது எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் பார்த்த மனுசி அவ. அந்தக் கணக்கு இன்னும் அவவின்ர உடம்பில் இருக்கு. இது தம்பிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவன் ஒருநாளும் இதையும் பைக்கையும் சேர்த்து யோசிக்கவில்லை.

சத்தமான சைலன்சருக்குப் பெடியள் சொல்லும் நியாயங்கள் மூன்று. மூன்றையும் வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்குப் பாடம்.

முதலாவது, "பவர் கூடும்." இயந்திரத்துக்குள் எரிந்த வாயு ஒவ்வொரு முறையும் அழுத்தத்தோடு வெளியே பாயும்போதுதான் அந்த வெடிச்சத்தம் வருகிறது. கம்பனி சைலன்சருக்குள் இருக்கும் அறைகள் அந்த ஒலி அலையைத் திருப்பி அடித்து, அலையை அலையாலேயே குறைக்கின்றன. இயந்திரத்துக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பெற்றோல் என்ற கணக்கும் அந்தச் சைலன்சரை வைத்தே போடப்பட்டது. அதை மட்டும் மாற்றினால் ஒரு 150 சீசீ பைக்கில் உணரக்கூடிய வேகம் ஒன்றும் கூடாது. காபரேட்டர் உள்ள பைக் என்றால், பெற்றோல் கலவை குறைந்து இயந்திரம் சூடேறவும் கூடும். சத்தம் கூடினதை வேகம் கூடினதாக எங்கட காது நம்புது, அவ்வளவுதான்.

இரண்டாவது, "சத்தம் கேட்டால் சனம் விலகும், அது பாதுகாப்பு." சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்கு. முன்னால் சந்தியில் திரும்புகிறவரை விட, நீங்கள் கடந்துபோன வீட்டில் நித்திரை கொள்ளுற குழந்தைக்குத்தான் அது நல்லாக் கேட்கும். பாதுகாப்பு வேணுமென்றால் ஹெல்மெட், லைட், பிரேக், கொஞ்சம் பொறுமை.

மூன்றாவது, "என்ர பைக், என்ர விருப்பம்." இதுக்குத்தான் நான் கொஞ்சம் நின்று பதில் சொல்ல விரும்புறன். பரீட்சைக் காலத்தில் ஒலிபெருக்கி போட்டால் நாங்கள்தானே முதலில் கொதிக்கிறோம்? 2007இல் உயர் நீதிமன்றம், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று சொன்னது. கேட்க விருப்பமில்லாதவரை வலிந்து கேட்க வைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருந்துகிற நியாயம் எங்கட பைக்குக்கு மட்டும் பொருந்தாதா?

டெசிபல் கணக்கும் நாங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வெளியிட்ட வழிகாட்டலில், இரவில் வீதிப் போக்குவரத்துச் சத்தம் சராசரியாக 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதைத் தாண்டினால் நித்திரை கெடும்.

பொலிஸ் மறித்துத் தண்டம் எழுதினால் இது தீரும் என்று நான் நம்பவில்லை. தண்டம் கட்டினவன் அடுத்த கிழமை அதே குழாயோட வருவான். அதுவும் இந்த ஊரில் சீருடை போட்டவர்கள் இளம் பெடியளை மறிக்கிறது எப்படி முடியும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் இதை நாங்களே எங்களுக்குள் பேசித் தீர்க்க வேணும் என்கிறேன்.

செய்யிறதும் கஷ்டமில்லை. பழைய சைலன்சர் இருந்தால் அதையே பூட்டுங்கோ. இல்லையென்றால், இப்ப இருக்கிறதுக்குள்ள சத்தத்தை உறிஞ்சுகிற கண்ணாடி நார் எரிந்து போயிருக்கான்னு பாருங்கோ. அந்த வகைக் குழாய் நாள் போகப் போகச் சத்தம் கூடுறது பெரும்பாலும் அதனால்தான். புது நார் அடைக்கலாம். குழாயின் வாயில் செருகுகிற சத்தம் குறைக்கும் துண்டும் இருக்கு. இயந்திரத்தோட குழாய் சேருகிற இடத்தில் கஸ்கெட் போயிருந்தாலும், குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலும் சத்தம் வரும். ஒன்றும் செய்யாவிட்டாலும், ஒழுங்கைக்குள் அக்சிலரேட்டரை முறுக்காமல் வாங்கோ.

தம்பியோட மூன்று நாள் சண்டை. நாலாம் நாள் கோடிக்குள்ள கிடந்ததை எடுத்து, துருவைச் சுரண்டி, ஓட்டையை ஒட்டிப் பூட்டினான். கூட்டாளிமார் "என்ன மச்சான், பைக்குக்குத் தொண்டை கட்டிட்டோ?" என்று இப்பவும் நக்கலடிக்கினம். அவனுக்கு அது கொஞ்சம் சுடுது, பொய் சொல்லேல்ல. ஆனால் திரும்ப மாற்றவில்லை.

இப்ப அவன் வாறது அம்மம்மாவுக்குக் கேட்கிறதில்லை. படலை திறக்கிற சத்தத்தில்தான் நிமிர்ந்து பார்க்கிறா.