உறவும் கெடக்கூடாது, உடம்பும் கெடக்கூடாது!

கோடை விடுமுறை வந்தால் போதும். பஸ் நிலையங்களில் நிற்க இடம் இருக்காது. ரெயில்களில் உட்கார இடம் கிடைக்காது. அத்தை வீடு, மாமா வீடு, பாட்டி வீடு என்று பிள்ளைகள் துள்ளிக் கொண்டு புறப்படுவார்கள்.

போன இடத்தில் அன்புக்குக் குறைவு இருக்காது. "வா, வா" என்று வாய் நிறைய அழைப்பார்கள். இலை போட்டு உட்கார வைப்பார்கள்.

ஆனால், சில வீடுகளில் சமையல்கட்டுக்குள் நுழைந்ததும் திக்கென்று இருக்கும். மூடாத பாத்திரத்தில் ஈ மொய்க்கும். தண்ணீர்ப் பானைக்குள் கையோடு சேர்த்துச் சொம்பை விட்டு மொள்ளுவார்கள். ஒரே துணியால் அடுப்பையும் துடைப்பார்கள்; தட்டையும் துடைப்பார்கள்; கையையும் துடைப்பார்கள். காலையில் அரைத்த சட்டினி இரவுச் சாப்பாட்டுக்கும் வரும்.

இந்த நேரத்தில் என்ன செய்வது? சாப்பிட மறுத்தால் உறவு முறியும். பேசாமல் சாப்பிட்டால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். பல குடும்பங்களில் நடக்கும் தர்மசங்கடம் இது.

முகத்துக்கு நேராகக் குறை சொல்வது தவறு. வாயை மூடிக்கொண்டு குழந்தையின் உடம்பைப் பணயம் வைப்பதும் தவறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வாய் பேசுவதற்கு முன்னால் கை பேச வேண்டும். வேலையில் பாதியை வாங்கிக் கொள்ளுங்கள். சுத்தம் தானாக வரும்.

அழுக்கு வேறு, ஆபத்து வேறு

முதலில் ஒன்றைப் புரிந்து கொள்ள வேண்டும். கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது எல்லாம் ஆபத்து அல்ல. கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவது எல்லாம் நல்லதும் அல்ல.

விறகு அடுப்பு எரியும் வீட்டில் சுவர் கறுத்துத்தான் இருக்கும். அந்தக் கரியால் வயிற்று நோய் வராது. பாத்திரம் நசுங்கி இருக்கலாம். தரை பெயர்ந்து இருக்கலாம். அவை ஏழ்மையின் அடையாளங்கள். அவற்றைப் பார்த்து முகம் சுளிப்பது பண்பு ஆகாது.

பளிங்குத் தரையும் பளபளக்கும் பாத்திரமும் உள்ள வீட்டில், கக்கூசுக்குப் போய்விட்டு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பரிமாறினால், அதுதான் ஆபத்து!

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நாலு பேருக்குச் சமைத்துக் கொண்டிருந்த பெண்மணி திடீரென்று பத்துப் பேருக்குச் சமைக்கிறாள். குழாயில் தண்ணீர் சில ஊர்களில் நாள் விட்டு நாள்தான் வருகிறது. குடத்தைத் தூக்க ஆள் இல்லை. பாத்திரம் கழுவ ஆள் இல்லை. சோம்பேறித்தனம் என்று நாம் நினைப்பது பல வீடுகளில் களைப்பாகத்தான் இருக்கும்.

மேரியின் கதை

அமெரிக்காவில் நடந்த ஓர் உண்மைச் சம்பவம் இது.

மேரி மாலன் என்று ஒரு பெண். 1869-ல் அயர்லாந்தில் பிறந்தவள். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனாள். பணக்காரர் வீடுகளில் சமையல் வேலை பார்த்தாள். நன்றாகச் சமைப்பாள் என்று பெயர்.

1906-ம் ஆண்டு கோடைகாலம். நியூயார்க் அருகே ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் ஒரு பாங்கு அதிபரின் குடும்பம் தங்கி இருந்தது. அங்கே மேரி சமைத்தாள். வீட்டில் இருந்த 11 பேரில் 6 பேரை டைபாய்டு காய்ச்சல் பிடித்தது.

ஜார்ஜ் சோப்பர் என்ற சுகாதார என்ஜினீயர் துப்புத் துலக்கினார். மேரி முன்பு வேலை பார்த்த வீடுகளை விசாரித்தார். பல வீடுகளில் டைபாய்டு வந்திருந்தது! ஆனால், மேரி மட்டும் திடகாத்திரமாக இருந்தாள். கிருமி அவள் உடம்புக்குள் குடி இருந்தது. அவளை அது படுக்க வைக்கவில்லை. அவள் கை வழியாக மற்றவர்களின் உணவில் கலந்தது.

எந்த உணவில் கலந்தது? அடுப்பில் வெந்த உணவில் அல்ல. பச்சைப் பழத்தை வெட்டிப் போட்டு அவள் செய்த ஐஸ்கிரீமில்தான் என்று சோப்பர் முடிவு செய்தார். சூட்டில் கிருமி சாகும். ஐஸ்கிரீமில் சாகாது.

சோப்பர் நேராகச் சமையல்கட்டுக்குப் போனார். அவளால்தான் நோய் பரவுகிறது என்று சந்தேகிப்பதாகச் சொன்னார். மலம், சிறுநீர், ரத்தம் எல்லாம் சோதிக்க வேண்டும் என்றார். மேரிக்கு வந்ததே கோபம்! இறைச்சியைக் குத்திப் பிடிக்கும் பெரிய முள்கரண்டியை எடுத்துக் கொண்டு பாய்ந்தாள். சோப்பர் தெருவுக்கு ஓடி வந்தார்.

1907-ல் அதிகாரிகள் அவளைப் பிடித்து ஒரு தீவில் தனியாக வைத்தார்கள். இனிமேல் சமைப்பது இல்லை என்று உறுதி கொடுத்து 1910-ல் வெளியே வந்தாள். வேறு பிழைப்பு சரியாக அமையவில்லை. பெயரை மாற்றிக் கொண்டு மறுபடியும் கரண்டியைப் பிடித்தாள். 1915-ல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு டைபாய்டு வந்தது. 2 பேர் இறந்து போனார்கள். அங்கே சமைத்தவள் மேரி! மீண்டும் தீவுக்கு அனுப்பப்பட்டாள். 1938-ல் அங்கேயே இறந்தாள்.

இந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. நல்ல மனசுக்காரியின் நல்ல கையிலும் கிருமி இருக்கலாம். இது ஒன்று. சமையல்காரியின் முகத்துக்கு நேராகக் குற்றம் சாட்டினால், உண்மையாகவே இருந்தாலும், அவள் காதில் ஏறாது. இது இன்னொன்று.

தண்ணீர்

போன வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது குடிதண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு நிமிடம் கொதித்தால் போதும். நோய்க் கிருமிகள் செத்துவிடும்.

"அத்தை, நாங்கள் காய்ச்சிய தண்ணீர் குடித்தே பழகி விட்டோம். ராத்திரி அடுப்பு காலியானதும் நானே எல்லோருக்கும் காய்ச்சி வைத்து விடுகிறேன்" என்று சொல்லுங்கள். அத்தைக்கு வருத்தம் வராது. வேலையும் அவள் தலையில் விழாது.

உறவினர் வீட்டுக்குப் போகும்போது பழமும் பலகாரமும் வாங்கிக் கொண்டு போகிறோம். அதோடு குழாய் வைத்த தண்ணீர்ப் பாத்திரம் ஒன்று வாங்கிக் கொண்டு போகலாம். நீண்ட பிடி உள்ள கரண்டி ஒன்று வாங்கலாம். பானைக்குள் கை போகாது. நாலு புதுக் கைத்துணி, இரண்டு சோப்புக் கட்டி. இவையும் சீர்தான்!

மிஞ்சிய சோறு

சோறு வெந்துவிட்டால் கிருமி எல்லாம் செத்துவிட்டது என்று நினைக்கிறோம். அரிசியில் ஒருவகைக் கிருமி உண்டு. அது விதை போன்ற வடிவத்தில் சூட்டைத் தாங்கிக் கிடக்கும். சோற்றை வெளியில் வைத்து நேரம் ஆக ஆக, அது முளைத்துப் பெருகும். விஷத்தைக் கக்கும். அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. "சுட வைத்துத்தானே கொடுத்தேன்" என்று சொல்லிப் பயன் இல்லை.

5 டிகிரிக்கு மேல் 60 டிகிரி சென்டிகிரேடுக்குள் உள்ள சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் ஊர்ச் சமையல்கட்டு எப்போதும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பிரிட்ஜ் இருந்தால் அதில் வைக்கலாம். மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால், சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும்.

விருந்தாளி என்ன செய்யலாம்? "இரவுக்கு எத்தனை பேர்? அளவாக உலை வைப்போம்" என்று முன்கூட்டியே கேளுங்கள். மிச்சமே விழாமல் பார்த்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பழையது சாப்பிடலாமா என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோற்றின் புளிப்பு பல கிருமிகளுக்கு ஆகாது. ஆனால், ஊற்றுகிற தண்ணீரும் பிசைகிற கையும் சுத்தமாக இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் ஆவி பறக்கும் உணவாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். இட்லி, கொதிக்கும் ரசம், வேக வைத்த முட்டை, நாமே தோல் உரிக்கும் வாழைப்பழம், கண் எதிரே வெட்டிய இளநீர். இவற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் யாரும் கோபித்துக் கொள்ள மாட்டார்கள். "உங்கள் ரசம் சூடாக இருந்தால்தான் ருசி, சின்னம்மா!" என்றால் மகிழ்ச்சியாகக் கொண்டு வந்து ஊற்றுவார்கள்.

அரிவாள்மணை

ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு. மீன் அரிந்த அரிவாள்மணையிலேயே வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நறுக்குவார்கள். மீன் குழம்பில் வெந்துவிடும். வெள்ளரிக்காய் பச்சையாக வாய்க்குள் போகும். மீனில் இருந்த கிருமியும் கூடவே போகும்.

இதற்கு உபதேசம் தேவை இல்லை. சீக்கிரம் எழுந்து சமையல்கட்டில் உட்காருங்கள். "காயை நான் முதலில் நறுக்கித் தருகிறேன், அண்ணி. மீனைக் கடைசியில் அரிந்து கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் அரிவாள்மணையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வையுங்கள். துடைக்கிற துணியையும் துவைத்து வெயிலில் போடுங்கள். ஈரத் துணிதான் கிருமிக்கு மெத்தை!

யார் சொல்வது?

சில இடங்களில் கை மட்டும் பேசினால் போதாது. வாயும் பேச வேண்டி வரும். கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், நோயில் இருந்து தேறியவர் ஆகியோர் இருந்தால் தயங்கக்கூடாது.

ஆனால், சொல்ல வேண்டியது யார்? புகுந்த வீட்டுக்கு வந்த மருமகள் அல்ல! அவள் ஒரு வார்த்தை சொன்னால், பிறந்த வீட்டுப் பெருமை பேசுகிறாள் என்று பெயர் வரும். அது அவள் கணவனின் கடமை. பெற்ற தாயிடம் பிள்ளை சொல்ல வேண்டும். அக்காளிடம் தம்பி சொல்ல வேண்டும்.

பந்தியில் சொல்லக்கூடாது. நாலு பேர் முன்னால் சொல்லக்கூடாது. "அம்மா, சின்னவனுக்கு வயிறு ஒத்துக் கொள்ளவில்லை. இனி தண்ணீர் எடுத்து வருவதும் காய்ச்சுவதும் என் வேலை" என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னதோடு நிற்கக்கூடாது. மறுநாள் காலையில் குடத்தைத் தூக்க வேண்டும். குடத்தைத் தூக்காத ஆண்பிள்ளைக்குக் குறை சொல்ல உரிமை இல்லை.

கைக்குழந்தை விஷயத்தில் ஓர் உறுதி வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். சர்க்கரைத் தண்ணீர், தேன், ஒரு வாய்ப் பாயாசம் என்று யார் ஆசையாக நீட்டினாலும், "ஆறு மாதம் முடியட்டும், பாட்டி. உங்கள் கையாலேயே முதல் சோறு ஊட்டுங்கள்" என்று சொல்லித் தடுத்துவிட வேண்டும்.

பையில் இரண்டு பொட்டலம்

இவ்வளவு கவனித்தும் வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்? உயிரைக் குடிப்பது பெரும்பாலும் உடம்பில் இருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான்.

1971-ல் வங்கதேசப் போர் நடந்தது. மேற்கு வங்காளத்தில் அகதி முகாம்களில் காலரா பரவியது. ஊசி மூலம் ஏற்றும் மருந்துத் தண்ணீர் போதவில்லை. திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை வாய் வழியாகக் கொடுக்கச் செய்தார். ஏராளமான உயிர்கள் பிழைத்தன. அதுதான் இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம்.

ஊருக்குப் போகும் பையில் இரண்டு பொட்டலம் வையுங்கள். பொட்டலத்தின் மேல் எழுதி இருக்கும் அளவுப்படி, பெரிய பொட்டலம் என்றால் ஒரு லிட்டர், காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து தூங்கிக் கொண்டே இருந்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுங்கள். "வந்த இடத்தில் தொந்தரவு எதற்கு?" என்று விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

நம் வீட்டைப் பார்ப்போம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இன்று நாம் விருந்தாளி. அடுத்த மாதம் அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள்.

நம் வீட்டுப் பானைக்கு மூடி இருக்கிறதா? கக்கூசுக்குப் பக்கத்தில் சோப்பு இருக்கிறதா? கைத்துணி என்றைக்குத் துவைத்தது? அரிவாள்மணை எப்படி இருக்கிறது? அவர்கள் வருவதற்கு முன்னால் நாம் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வந்தவர்கள் "நான் காய்ச்சுகிறேன், நான் நறுக்குகிறேன்" என்று எழுந்து வந்தால், ரோசப்படாமல் அடுப்படியில் இடம் விட வேண்டும்.