உதிரிப் பாகம் யார் கையில்?

சேந்தமங்கலம் பக்கத்து லாரிப் பட்டறைத் தொழிலாளியைக் கேளுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத வண்டி காயலான் கடைச் சரக்கு என்பான். இது டில்லி சர்க்காருக்குத் தெரியாதா?

விமானந்தாங்கிக் கப்பல் விக்ரமாதித்யா பழைய ருஷ்யக் கப்பல். 2004-ல் பேசிய விலை 97 கோடி டாலர். 2013-ல் கடற்படையில் சேர்ந்தபோது 230 கோடிக்கு மேல்! அதற்கென வாங்கிய மிக்-29கே விமானங்களின் கதி என்ன? 40 இன்ஜின்கள் பழுதாகிக் கழற்றப்பட்டன. நூற்றுக்கு 38 விமானம்கூடப் பறக்கத் தயாராயில்லை. நாம் சொல்லவில்லை; 2016-ம் ஆண்டுத் தணிக்கை அறிக்கை சொல்கிறது.

2022-ல் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த் கொச்சியில் கட்டியது. அதற்கும் ருஷ்ய உருக்கையே நம்பியிருந்தார்கள். அது வராதபோது கைகொடுத்தது யார்? ஹைதராபாத் அரசு ஆய்வுக்கூடம் பக்குவம் கண்டது. பிலாய், பொக்காரோ, ரூர்கேலாத் தொழிலாளிகள் உருக்கிக் கொடுத்தார்கள். எல்லாம் பொதுத்துறை! ஆனால் கப்பலின் இன்ஜின் வடிவம் அமெரிக்கக் கம்பெனியுடையது.

அந்த மூன்று ஆலைகளையும் நடத்தும் செயில் நிறுவனத்தின் சேலம் உருக்காலையை 2019-ல் விற்பனைக்கு விளம்பரம் செய்தார்கள்! தொழிலாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள்.

தேசப் பாதுகாப்பு என்று முழங்கும் கனவான்களைக் கேட்கிறோம்: உருக்காலையை விற்றுவிட்டு, நாளை ஒரு திருகாணிக்கு எவன் வாசலில் நிற்பீர்கள்?

பொதுத்துறையைக் காப்போம்! அதுவே நாட்டைக் காப்பது!