ஹெல்சிங்கி டு டோக்கியோ: ஒன்பதரை மணி நேரமா, பதிமூணா?

ரெண்டு விமான நிலையத்துக்கு நடுவுல எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம்னு சொல்ற தளங்கள் இணையத்துல ஏகப்பட்டது இருக்கு. அதுல தூரத்தை நம்புங்க, நேரத்தை நம்பாதீங்க. இதான் பதிவோட சாரம். அவசரத்துல இருக்கறவங்க இத்தோட எஸ்கேப் ஆகிக்கலாம் :-)

பொட்டி தட்டுறவன்ங்கிறதால உள்குத்தைச் சொல்லிடறேன். ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகையை ஹேவர்சைன் சூத்திரத்துல போட்டா, உருண்டை மேல குறுக்குவழி எவ்ளோன்னு வந்துடும். அதை மணிக்கு 850 கி.மீ.ன்னு வகுத்து, ஏற இறங்க அரைமணி சேர்த்தா பயண நேரம் ரெடி. பத்து வரி நிரல், அவ்ளோதான்.

ஹெல்சிங்கி - டோக்கியோ நரிட்டா போட்டுப் பாருங்க. தூரம் சுமார் 7,800 கி.மீ. நேரம் ஒன்பதரை மணிக்குக் கொஞ்சம் மேல. 2022 பிப்ரவரி வரைக்கும் இது கரெக்டான விடைதான். அந்தக் குறுக்குவழி நேரா சைபீரியா மேல போகுது. ஐரோப்பாலேர்ந்து ஆசியாவுக்குப் போக எங்க ஊர்தான் கிட்டன்னு ஃபின்ஏர் தன் பொழைப்பையே அதுல கட்டி வெச்சிருந்தது.

அப்புறம் உக்ரைன் போர். ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்கு வான்வெளியை மூட, ரஷ்யா பதிலுக்கு மூடிடுச்சு. 2022 மார்ச்ல டோக்கியோ விமானம் திரும்ப ஆரம்பிச்சப்போ வட துருவத்தைச் சுத்திப் போச்சு. சுமார் 13 மணி நேரம்! துருவம் தாண்டின பயணிகளுக்குச் சான்றிதழ் வேற குடுத்தாங்க. வேற வழி வேணும்னா தெற்கால மத்திய ஆசியா, சீனான்னு சுத்தணும்.

இதுல கூத்து என்னன்னா, 1983ல இதே ஃபின்ஏர் டிசி-10 விமானத்துல டோக்கியோவுக்கு நிக்காம போக ஆரம்பிச்சப்பவும் துருவ வழிதான், கிட்டத்தட்ட 13 மணிதான். அப்போ சோவியத் வான்வெளி பெரும்பாலும் மூடியிருந்தது. மத்த ஐரோப்பிய கம்பெனிகள் பெரும்பாலும் அலாஸ்காவுல ஆங்கரேஜ்ல எரிபொருள் நிரப்பிப் போனாங்க. அதே வருஷம் செப்டம்பர் 1, ஆங்கரேஜ்லேர்ந்து கிளம்பின கொரியன் ஏர் லைன்ஸ் 007 வழி மாறி சோவியத் எல்லைக்குள்ள போயிடுச்சு. சுட்டு வீழ்த்தினாங்க. 269 பேர் செத்தாங்க.

விமானம் வேகமானதால உலகம் சுருங்கிடுச்சுன்னு பீத்திக்கறோம். 13, ஒன்பதரை, மறுபடி 13. இதுல வேகம் பெருசா மாறவேயில்ல. ஒரு நாடு கதவைத் திறந்ததும் மூடினதும்தான் கணக்கு. அந்த மூணரை மணி நேரத்துக்கான எரிபொருள் காசும் யாராவது குடுத்துத்தான் ஆகணும்.

அதனால தளம் நடத்தற புண்ணியவான்களே, அட்டவணையில இருக்கற நேரத்தைப் போடுங்க. முடியலைன்னா "நேர்வழியில பறக்க விட்டா"ன்னு ஒரு வரியாவது சேருங்க. பத்து வரி நிரல் பதினோரு வரி ஆகும், ஒண்ணும் குடிமுழுகிடாது.

மாத்துக்கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க!