வேலியோரம் ஓர் எருக்கலை



மாரி தொடங்கப் போகிறது. இனி வளவைத் துப்புரவாக்கும் காலம். டெங்குப் பயத்தில் கத்தியை எடுத்தால் முதலில் சாய்வது எருக்கலைதான். நுளம்பு பெருகுவதென்னவோ சிரட்டையிலும் பழைய டயரிலும்!

எருக்கலை முளைத்தால் குடி பாழ் என்ற பேச்சு நம் மூத்தம்மாமாரிடமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்த கடலோர வளவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பேச்சு இன்னும் கசக்கும். ஆனால் செடிமேல் என்ன குற்றம்? உப்புக்காற்றும் வெறும் மணலும் அதற்குப் போதும், அதனால் வருகிறது.

ஒருநாள் காலையில் கிட்ட நின்று பாருங்கள். ஊதாப் பூவின் நடுவே மெழுகில் கடைந்தது போல ஒரு முடி. கருவண்டு வந்து அமர்ந்தால் பூந்தூள் பொட்டலமாகவே அதன் காலில் ஒட்டிக்கொள்ளும். இலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிபோட்ட புழு இருக்கும். அது பெரிய கெட்டிக்காரப் புழு. முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, பிறகுதான் இலையைத் தின்னும். அப்படியும் பாலின் நஞ்சு உடம்பில் சேர்ந்துவிடும். அதனால்தான் அது செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்போது குருவிகள் பெரும்பாலும் தொடுவதில்லை.

அமெரிக்கப் புல்வெளிகளில் இதே குடும்பத்தைச் சேர்ந்த மில்க்வீட் என்ற உயரமான செடி உண்டு. மெக்சிகோ மலைக்காடுகள்வரை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்துபோகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. சோளம், சோயா வயல்களில் களைகொல்லி அடித்து அடித்துச் செடி அருகியது, பூச்சியும் குறைந்தது. இப்போது அங்கே காசு கொடுத்து விதை வாங்கி வீட்டுத்தோட்டத்தில் நடுகிறார்கள். நமக்குச் சும்மா முளைப்பதை நாம் பிடுங்கி எறிகிறோம்.

நட விரும்புகிறவர்களுக்கு: காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் முன் விதையை எடுத்து, நல்ல வெயில் படும் வேலி மூலையில் நேராக மணலிலேயே போடுங்கள். வேர் ஆழமாக இறங்குவதால் பிறகு பிடுங்கி நட்டால் பிழைப்பது கஷ்டம். ஆளுயரத்தையும் தாண்டி வளரும், இடம் விடுங்கள். வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்றும் வேலையில்லை.

ஒன்றில் மட்டும் விளையாட்டு வேண்டாம். எருக்கலைப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. நிறையத் தண்ணீரால் கழுவி உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஓடியாடும் முற்றத்தில் வைக்காதீர்கள். கவாத்துப் பண்ணினால் கையைக் கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

நட விரும்பாதவர்கள் இந்த மாரிக்கு வேலியோரத்தில் ஒன்றையாவது வெட்டாமல் விடுங்கள். புழுவைக் கண்டால் மருந்தடிக்காமல் எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்