குழந்தைகளைக் கீழே இறக்குங்கள்

பேருந்து நிலையத்தை ஒட்டிய வணிக வளாகத்தின் முதல் மாடிக்கு அங்கன்வாடி மையத்தை மாற்றும் தீர்மானம், சென்ற நகர்மன்றக் கூட்டத்தில் விவாதமே இல்லாமல் நிறைவேறிவிட்டது. பெற்றோர்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த மனு அங்கே வாசிக்கப்படவில்லை. பழைய ஓட்டுக் கட்டடம் ஒழுகுகிறது, பின்சுவர் விரிசல் விட்டிருக்கிறது, மழைக்கு முன் காலி செய்தாக வேண்டும் என்பதெல்லாம் உண்மை. அதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறோம். இடியக்கூடிய கட்டடத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, தப்பிக்க வழியில்லாத கட்டடத்தில் குழந்தைகளை ஏற்றி வைப்பதை ஏற்க முடியாது. ‘தற்காலிக ஏற்பாடு’ என்ற வார்த்தையை நம்பிப் பேசாமல் இருக்கவும் முடியாது. இந்த ஊரில் தற்காலிகமாகத் தொடங்கியவை எத்தனை ஆண்டுகள் நீடித்தன என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் கோபத்துக்குக் காரணம் அந்த மாடிப்படி. வளாகத்துக்கு ஏறவும் இறங்கவும் அது ஒன்றுதான். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். திருப்பத்தில் கடைக்காரர்களின் அட்டைப்பெட்டிகள் எந்நேரமும் அடுக்கியிருக்கும். படிக்கு அடியில் வளாகம் முழுவதற்குமான மீட்டர் போர்டு. அதன் பக்கத்தில் மெத்தைக் கடை, அடுத்து சிலிண்டர் அடுப்பு அணையாமல் எரியும் டீக்கடை. மீட்டர் போர்டில் மின்கசிவு ஏற்பட்டாலும், கடையில் பஞ்சும் ஃபோமும் பற்றிக்கொண்டாலும், புகை முதலில் ஏறப்போவது அந்தப் படிக்கட்டில்தான். தீ மாடியைத் தொடுவதற்கு முன்பே இறங்கும் வழி அடைபட்டுவிடும். ஃபோம் எரிந்து வரும் புகையில் கொடிய நச்சு இருக்கிறது. பெரியவர்களே அதில் சிக்கினால் விரைவில் நினைவிழந்து விழுவார்கள். தீ விபத்துகளில் தீக்காயத்தைவிடப் புகைதான் அதிக உயிர்களைக் குடிக்கிறது என்பதைத் தீயணைப்புத் துறையினர் ஒவ்வொரு விழிப்புணர்வுக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். தீர்மானம் போட்டவர்களும் அந்தக் கூட்டங்களின் மேடையில் அமர்ந்து கேட்டவர்களே.

இரண்டு வயதுக் குழந்தை படி இறங்குவதைக் கவனித்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. ஒரு படியில் இரண்டு கால்களையும் வைத்து, நின்று, சுவரைத் தடவி, அடுத்த படிக்குக் காலைத் துழாவும். மூன்று வயதுக் குழந்தை கைப்பிடியை எட்டிப் பிடிக்கும். அந்தப் படிக்கட்டில் கைப்பிடி பாதிவரைதான் இருக்கிறது. பயந்துவிட்டால் இந்த வயதுப் பிள்ளைகள் வாசலை நோக்கி ஓடமாட்டார்கள். மேசைக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் போய் ஒளிந்துகொள்வார்கள், கூப்பிட்டாலும் குரல் கொடுக்கமாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் பாயில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரமென்றால், ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கித்தான் இறக்க வேண்டும். மையத்தில் இருப்பவர்கள் ஒரு டீச்சரும் ஒரு ஆயாவும். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று என்று இருவரும் தலைக்கு இரண்டு பிள்ளைகளைத் தூக்கினாலும், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளை இறக்குவதற்குள் அந்தப் புகையில் எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும்? இறக்கிய பிள்ளைகளைப் பேருந்துகள் திரும்பும் சாலையோரத்தில் யாரிடம் விட்டுவிட்டு மேலே போவது? கீழே ஒருவர் நின்றால், மேலே மீதிப் பிள்ளைகளோடு இருக்கப்போவது ஒரே ஒருவர்.

அந்த ஒருவரும் எல்லா நாளும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. காலியிடம் நிரப்பப்படாததால், நம் டீச்சர் பக்கத்து வார்டு மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவருகிறார். அவர் அங்கே போகும் நாட்களில் சமைப்பது, ஊட்டுவது, தூங்கவைப்பது, பாத்திரம் துலக்குவது எல்லாம் ஆயா ஒருவரின் தலையில். சமையலும் அதே மாடியில், அதே ஹாலின் மூலையில், கேஸ் சிலிண்டர் வைத்து நடக்கப்போகிறது. தீ கீழிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

பெற்றோர் இதையெல்லாம் கேட்டபோது கிடைத்த பதில்தான் நம்மை அதிர வைக்கிறது. மாடிப்படியின் தலைப்பில் கிரில் கேட் போட்டுப் பூட்டிவிடுவார்களாம். குழந்தைகள் தவறி விழாமல் ‘முழுப் பாதுகாப்பு’ கிடைக்குமாம். ஒரே வழியையும் பூட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பா? கேட்டைத் திறந்து வைத்தால் குழந்தை உருண்டு விழும். பூட்டி வைத்தால் தீப்பிடிக்கும்போது யாரும் வெளியேற முடியாது. இந்த இரண்டில் ஒன்றைத் தினமும் தேர்ந்தெடுக்கும் நிலைமைக்கு, குறைந்த மதிப்பூதியத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைத் தள்ளுகிறார்கள். விபரீதம் நடந்தால் சாவி யாரிடம் இருந்தது என்றுதான் விசாரணை தொடங்கும். சாவி தேவைப்படும் இடத்தில் மையத்தை வைத்தது யார் என்ற கேள்வி எழாது.

பூட்டிய கதவு என்ன செய்யும் என்பதை மெக்சிகோவின் எர்மோசியோ நகரம் கண்டது. 2009 ஜூன் 5 அன்று அங்கே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் 49 பிள்ளைகள் இறந்தார்கள். கிடங்காக இருந்த கட்டடத்தைக் காப்பகமாக மாற்றியிருந்தார்கள். பக்கத்திலேயே அரசுக் கிடங்கு; தீ அங்கேதான் தொடங்கியது. பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அவசர வழிக் கதவு திறக்கவில்லை. வெளியே இருந்த ஒருவர் தன் வண்டியைக் கொண்டு சுவரில் மோதி, ஓட்டை போட்டு உள்ளே இருந்தவர்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2012 மே 28 அன்று, கத்தாரின் தோஹாவில் ஒரு பேரங்காடியின் மாடியிலிருந்த மழலையர் காப்பகம் தீயில் சிக்கியது. படிக்கட்டு இடிந்துபோனதால் தீயணைப்பு வீரர்கள் கூரையை உடைத்து இறங்க வேண்டியதாயிற்று. 13 குழந்தைகள், 4 ஆசிரியைகள், 2 தீயணைப்பு வீரர்கள் என 19 பேர் உயிரிழந்தார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாத நாடு அது. மாடியும் ஒற்றைப் படியும் அங்கேயும் அதே வேலையைத்தான் செய்தன.

இதற்கெல்லாம் வெளிநாட்டைக் காட்ட வேண்டிய நிலையில் தமிழ்நாடு இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருவில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். ஒரே கட்டடத்துக்குள் மூன்று பள்ளிகள். சத்துணவு சமைத்த அடுப்பிலிருந்து பரவிய தீ, மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரையைப் பிடித்தது. இறங்குவதற்கு இருந்தது குறுகிய படிக்கட்டு. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான கட்டடத்தில் படிப்பதும் கல்வி பெறும் உரிமையின் பகுதி என்று கூறி, பள்ளிகளில் தீயணைப்பு ஏற்பாடுகளும் ஊழியர்களுக்குப் பயிற்சியும் இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கீற்றை எடுத்துவிட்டு கான்கிரீட் போட்டதோடு பாடம் முடிந்தது என்று நம் அதிகாரிகள் எண்ணிக்கொண்டார்கள் போலும். சமையல் அடுப்பு, மாடி, ஒற்றைப் படி என்று கும்பகோணத்தில் சேர்ந்திருந்த அத்தனையும் இந்தத் தீர்மானத்தில் மறுபடியும் சேர்ந்திருக்கின்றன.

தீர்மானத்தோடு ‘அவசரகாலத் திட்டம்’ என்று ஒரு தாளும் இணைக்கப்பட்டிருக்கிறது. அதில் இருப்பது 101, 108, 1098 ஆகிய தொலைபேசி எண்களும், ‘பணியாளர் குழந்தைகளைப் பாதுகாப்பாக வெளியேற்ற வேண்டும்’ என்ற ஒரு வரியும். எந்த வழியாக, எந்த இடத்துக்கு, யார் யாரைத் தூக்கிக்கொண்டு என்ற விவரம் எதுவும் கிடையாது. வெளியே வந்த பிறகு எண்ணிப் பார்க்க வருகைப் பதிவேட்டை யார் எடுத்து வர வேண்டும் என்பதும் கிடையாது. எண்ணாமல் விட்டால், பீரோவுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளை கணக்கில் வராமலே போய்விடும். ஜப்பானில் குழந்தைகள் காப்பகங்கள் மாதம் ஒருமுறையாவது வெளியேற்றப் பயிற்சி நடத்த வேண்டும் என்பது விதி. நடக்கத் தெரியாத பிள்ளைகளைச் சக்கரம் வைத்த கட்டிலில் நிற்கவைத்துத் தள்ளிக்கொண்டு வெளியேறுவார்கள். ஆஸ்திரேலியாவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. முடிச்சு போட்ட ஒரு கயிற்றைப் பிடித்து வரிசையாக நடக்க மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பழக்கிவிடலாம். அதற்குச் செலவு ஒரு கயிறு. ஆனால், சக்கரக் கட்டிலோ கயிறோ உதவுவது தரைத்தளத்தில்தான். மாடியில் வைத்துவிட்டு எந்தத் திட்டம் எழுதினாலும் அது தாளோடு நின்றுவிடும்.

இதே ஆட்கள் இதற்கு முன் என்ன செய்தார்கள் என்பதையும் நினைவுபடுத்தியாக வேண்டும். நகர்ப்புற சுகாதார நிலையத்தை மாடியில் திறந்து வைத்து, நிறைமாதக் கர்ப்பிணிகளை மூச்சிரைக்கப் படியேற வைத்தவர்கள் இவர்கள்தான். கீழே இறக்கச் சொல்லி ஊர் மக்கள் நடையாய் நடந்தார்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, மாநிலம் முழுக்கப் பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்தபோது, நம் அங்கன்வாடிச் சுவரிலும் ஒரு எண் எழுதினார்கள். எண் எழுதிய சுவர்தான் இன்று விரிசல் விட்டிருக்கிறது. நடுவில் அந்தச் சுவருக்கு வண்ணம் பூசி, முயலும் யானையும் வரைந்து, திறப்பு விழாவும் நடத்தினார்கள். ஒழுகும் ஓட்டை யாரும் மாற்றவில்லை. அங்கே மாட்டியிருக்கும் தீயணைப்புக் கருவியில் வாயு நிரப்பும் தேதி எப்போதோ கடந்துவிட்டது. அதுவும் ஆயாவுக்கு எட்டாத உயரத்தில், ஆணியில் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. பேரிடர் ஒத்திகை என்று ஒருமுறை நடந்தது. மேல்நிலைப்பள்ளி மாணவர்களை மைதானத்தில் ஓடவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கன்வாடிப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்கேஜி குழந்தை ஒன்று கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மதுரையில் மழலையர் பள்ளி ஒன்றின் தண்ணீர்த் தொட்டியில் இன்னொரு பிஞ்சு உயிர் போனது. இரண்டு முறையும் ஆய்வு, சுற்றறிக்கை, உறுதிமொழி எல்லாம் வந்தன. நம் ஊரில் அந்தச் சுற்றறிக்கைகளைப் பெற்று, கையெழுத்திட்டு, கோப்பில் சேர்த்த அதே மேசையிலிருந்துதான் இந்தத் தீர்மானத்துக்கும் பரிந்துரை போயிருக்கிறது. குழந்தை இறந்த பிறகு விழித்துக்கொள்வதை நிர்வாகம் என்று நாம் ஏற்றுக்கொள்ள மாட்டோம். இத்தனைக்கும் பிறகு ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லும் உரிமை இவர்களில் ஒருவருக்கும் இல்லை.

வேறு இடமே இல்லை என்கிறார்கள். வளாகத்தின் மாடி ஏலம் போகாமல் காலியாகக் கிடக்கிறது, வாடகை தர வேண்டியதில்லை என்பதுதான் உள்ளே பேசப்படும் காரணம். வியாபாரிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய இடத்தை இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். வருகிறவர்கள் கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள். காலையில் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் கூட்டத்துக்கு வந்து குரல் எழுப்ப முடியாது என்ற துணிச்சலில் எடுக்கப்பட்ட முடிவு இது. அதிகாரிகளின் வீட்டுப் பிள்ளைகள் ஒரு நாளாவது அந்த மாடியில் தூங்குவார்களா?

தரைத்தளத்தில், இரண்டு வாசலோடு, சாலைக்கு நேராகத் திறக்காத ஓர் இடம் இந்த ஊரில் இல்லாமல் போகாது. மனம் இருந்தால் தேடலாம். பள்ளிகளிடம் கேட்கலாம், ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசலாம். மாவட்ட நிர்வாகம் தலையிட வேண்டும். எப்படிச் செய்வது என்பதைப் பொறுப்பில் இருப்பவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் முதல் மாடி கூடாது, பூட்டிய கிரில் கேட் கூடவே கூடாது. நகர்மன்றம் அடுத்த கூட்டத்திலேயே இந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற வேண்டும். அதுவரை ஒரு பாயும் ஒரு பாத்திரமும் அந்தப் படியில் ஏறக் கூடாது.