அடையாறு ஜோடிப் படங்கள்: வரைந்தவர் எங்கே போனார்?

எலியட்ஸ் பீச்சில் சுண்டல் கொறித்தபடி வடக்கே நடந்தால் ஊரூர் ஒல்காட் குப்பம் வந்துவிடும். மீன் வாங்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த இடம். ஆனால் "யார் அந்த ஒல்காட்?" என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள்.

பக்கத்தில் பிரம்மஞான சபை இருக்கிறதே, ஆலமரம் காட்ட ஸ்கூலில் கூட்டிப் போவார்களே, அந்தச் சபையை 1875-ல் நியூயார்க்கில் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலானவர்களோடு சேர்ந்து தொடங்கியவர்தான் கர்னல் ஒல்காட். 1882 கடைசியில் சபை அடையாறுக்கு வந்தது. இங்கே பேச வேண்டியது அந்தச் சபை போற்றும் இரண்டு படங்களைப் பற்றி.

ஒன்று மோரியா, இன்னொன்று கூட் ஹூமி. இருவரும் இமயத்துக்கு அப்பால் வாழ்ந்த மகாத்மாக்கள், சபையின் குருமார்கள் என்பது நம்பிக்கை. 1884-ல் லண்டனில் இவர்களை வரைந்தவர் ஹெர்மன் ஷ்மீகென் என்ற ஜெர்மானிய ஓவியர். இவரை எத்தனை பேருக்குத் தெரியும்?

கதை இப்படிப் போகிறது. குருவை நேரில் பார்க்காத ஒருவரால், குருவின் அருளால் மட்டுமே அவர் முகத்தை வரைய முடியுமா என்று ஒல்காட் ஒரு 'சோதனை' வைத்தார். சிலர் முயன்று தோற்றார்கள். ஷ்மீகென் ஜூன் 19-ல் தொடங்கி ஜூலை 9-ல் முடித்தார். படம் அச்சு அசல் என்றார் ஒல்காட். ஆகவே அற்புதம் நிரூபணம்!

கொஞ்சம் பொறுங்கள். ஒல்காட்டே எழுதி வைத்ததைப் பார்த்தால் மூன்று ஓட்டைகள் தெரிகின்றன.

ஒன்று, ஓவியர் வெறுங்கையோடு உட்காரவில்லை. முன்பு நியூயார்க்கில் வரையப்பட்ட ஒரு பக்கவாட்டு முகச் சித்திரத்தின் போட்டோ அவருக்குத் தரப்பட்டது. அதை வைத்து அவர் நேர்முகமாக வரைந்தார். உருவப்படம் வரைந்தே பிழைப்பவருக்கு இது அற்புதமா, தொழிலா?

இரண்டு, நடுவில் ஒருநாள் பிளாவட்ஸ்கியே ஸ்டுடியோவுக்குப் போயிருக்கிறார்.

மூன்றுதான் பெரிய ஓட்டை. "இது குருவேதான்" என்று சான்று கொடுத்தவர் யார்? ஒல்காட். சோதனை வைத்தவரும் அவரே, சீடரும் அவரே, சபைத் தலைவரும் அவரே. கணக்கு எழுதியவரே ஆடிட் ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போட்டால் எந்த பேங்க் ஒத்துக்கொள்ளும்? இத்தனைக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவ கான்ட்ராக்ட் மோசடிகளைத் துருவிப் பிடித்தவர் இந்த ஒல்காட்!

சரி, படத்தில் இருப்பவர்கள் யார்? 1884 செப்டம்பரில் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகை, மகாத்மா விவகாரம் மோசடி என்று காட்டும் கடிதங்களை வெளியிட்டது. 1885-ல் வந்த ஹாட்சன் அறிக்கையும் அதையே சொன்னது. 1986-ல் வெர்னான் ஹாரிசன் அந்த அறிக்கையையே ஓட்டை என்றார். 1994-ல் பால் ஜான்சன், மோரியாவுக்குப் பின்னால் இருந்தவர் காஷ்மீர் மகாராஜா ரண்பீர் சிங்காக இருக்கலாம், கூட் ஹூமிக்குப் பின்னால் இருந்தவர் சீக்கியப் பிரமுகர் தாக்கர் சிங்காக இருக்கலாம் என்று ஒரு புத்தகமே போட்டார். சண்டை இன்னும் ஓயவில்லை.

இந்தச் சண்டையில் அடிபட்டுப் போனவர் ஓவியர்தான். பக்தர்கள் "குரு வரையவைத்தார்" என்கிறார்கள். எதிரிகள் "அம்மையார் ஏமாற்றினார்" என்கிறார்கள். மூன்று வாரம் தூரிகை பிடித்த மனிதனுக்கு இரண்டு பக்கமும் ஒரு பாராட்டு கிடையாது. பக்தர்களைக் கட்டிப்போடும் அந்தக் கண்கள் தானாக வந்து கேன்வாஸில் ஒட்டிக்கொண்டனவா?

"நம்பிக்கையில் கை வைக்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகக் கும்பிடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் 'சோதனை', 'நிரூபணம்' என்ற வார்த்தைகள் வந்த பிறகு கேள்வியும் வரத்தான் செய்யும்.

நம் வீட்டுப் பூஜை அறையையே பாருங்கள். ரவிவர்மாவின் லட்சுமி, சரஸ்வதி படங்களுக்குக் கற்பூரம் காட்டுகிறோம். அது ரவிவர்மா படம் என்பதும் தெரியும். அதனால் பக்தி குறைந்துவிட்டதா? லட்சுமி நேரில் வந்து போஸ் கொடுத்தாள், இதோ ஆதாரம் என்று யாராவது சொல்கிறார்களா? அதே நியாயம் ஷ்மீகெனுக்கு ஏன் கிடையாது?

இந்த அற்புதத்தால் ஒல்காட்டுக்கும் நஷ்டம்தான். கொழும்பில் 1886-ல் அவர் தொடங்கிய பள்ளி இன்று ஆனந்தா கல்லூரி. 1894-ல், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இங்கே ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். பெசன்ட் நகரில் ஒல்காட் நினைவுப் பள்ளியாக அது இன்றும் நடக்கிறது. இவற்றை நம்ப எந்த மகாத்மாவும் லண்டன் வர வேண்டியதில்லை, அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் போதும்.

அடுத்த முறை யாராவது அந்த இரண்டு படங்களைப் பற்றி மெய்சிலிர்க்கப் பேசினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வரைந்தவர் பேர் என்ன சார்?"