எதிலே அறுபது?

ஊத்தங்கரைச் சந்தையில் "அறுபது கொடு" என்று கேட்டுப் பாருங்கள். "எதுல அறுபது, சாமி?" என்பாள் புளி விற்கிறவள். கணினி மேதைகளுக்கு மட்டும் இந்தக் கேள்வி தோன்றுவதில்லை.

போஸ்ட்கிரெஸ் என்று ஒரு தகவல் களஞ்சியம். அதன் அமைப்புக் கோப்பில், உள்ளே நுழைய அனுமதிக்கும் கெடுவுக்கு 60 என்று எழுதினால் ஒரு நிமிஷம். ஒரு கேள்விக்குப் பதில் தேடும் கெடுவுக்கு அதே 60-ஐ எழுதினால் மில்லி வினாடி! மாகாணி வினாடிகூட இல்லை. வேலை பாதியில் அறுந்து போகும். நினைவகத்திலும் இதே கூத்துத்தான். ஒரு வரியில் 128 என்றால் 128 கிலோபைட். இன்னொரு வரியில் அதுவே எட்டு மடங்கு.

"கையேட்டில் இருக்கிறதே!" என்கிறார்கள். இருக்கிறது, ஐயா. நடுநிசியில் இயந்திரம் படுத்துக்கொண்டால், ஓசூர்த் தொழிற்சாலையில் விழித்திருக்கும் பையன் கையேட்டையா புரட்டுவான்? கண்ணெதிரே உள்ள குறிப்பைத்தான் நம்புவான். அந்த நினைவக வரிகளின் குறிப்போ, குறைந்தபட்சம் எவ்வளவு என்பதோடு வாயை மூடிக்கொள்கிறது. 2006-இல் வந்த 8.2 பதிப்பு முதல் எண்ணோடு அலகையும் எழுதலாம். வெற்று எண்ணையும் இன்னும் ஏற்கிறார்கள்.

ஊருக்கொரு படி வைத்திருந்த நாமே 1956-இல் சட்டம் போட்டோம். இவர்கள் வரிக்கு ஒரு வார்த்தை சேர்க்கட்டும், 'மில்லி வினாடி' என்றோ 'கிலோபைட்' என்றோ. அதற்குக் கட்சி கட்டிக்கொண்டு வாதாடுவானேன்?